மிண்டக் கூடாது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போடியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். "இவளைச் சும்மா இருன்னு சொல்றதுக்கு, ஓடுற ஓடையை நில்லுன்னு சொல்லிட்டுப் போகலாம்" என்பாள் என் அம்மா. அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு ஜீப்பு நிறைய இருந்த பெண்கள் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருப் பெண்கள் ஒரே செட்டாக மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவோம். வெள்ளென ஜீப்பு வந்து நிற்கும். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டத்தில் போய் இறங்கினால், சாயங்காலம்தான் திரும்புவோம். செட்டுக்கு ஒரு தலைவி உண்டு. யார் வரலாம், யார் எந்த நிரையில் காய் எடுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்வதுதான். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்போம். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய், ஒரு பார்வை பார்த்தால் ஜீப்பு டிரைவர்கூட பீடியைக் கீழே போட்டுவிடுவார்.

பெரியக்காவுக்கு ஒரே மகள். அந்த மகளை என் தம்பி கூட்டிக்கொண்டு போய்விட்டான். மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள், ஒரு தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் குடியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஓடிப்போன இரண்டு பேரும் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எட்டின தூரத்தில் இருந்தவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை பெரியக்கா செட்டுப் பெண்கள் எல்லோரையும் தெருக்கோடிக் காளி கோயிலுக்குக் கூட்டிப் போனார். சூடம் ஏற்றி, "எனக்கு மக செத்துட்டா. அவளைக் கொண்டுபோனவனோட அக்காகாரிகூட எவ பேசினாலும் அவ பிள்ளைக விளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் போலீஸ் கச்சேரியில் பொய் சொல்லிவிடுவார்கள், சூடம் அடித்துச் சொன்னதை மீற மாட்டார்கள். செய்தி எனக்குத் தெருக்குழாயடியில் கிடைத்தது. குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குழாயை மூடாமலேயே போய்விட்டாள்.

என்னைச் செட்டை விட்டு விலக்கிவிட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம், தோட்டத்தில் ஒரு ஆளைக் குறைக்க விடவில்லை. வேறு செட்டிலும் என்னைச் சேர்க்கவில்லை. வீட்டில் அம்மா படுக்கையில் கிடந்தாள். போகாமல் என்ன செய்வது? போனேன்.

தோட்டத்தில் ஒரு காவல்காரச் சேட்டன் இருந்தார். பக்கத்தில் ஆனை வந்திருந்தால் ஓடி வந்து, விரலை உதட்டில் வைத்து, "மிண்டாதிரி, மிண்டாதிரி" என்பார். பேசாமல் இரு என்று அர்த்தம். அவர்கள் பாஷையில் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதற்கும் அதே சொல்தான். மலைக்குப் போய்வந்து போய்வந்து எங்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. "அவளும் மாமியாரும் மிண்டுறதில்ல" என்போம். இப்போது என்னைப் பற்றி, எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டார்கள். "அவகூட மிண்டக் கூடாது."

பேசாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? முதலில் ஜீப்பைச் சொல்கிறேன். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தது போக, இரண்டு பேர் பின்னால் படியில்தான் தொற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு வரும்போது உள்ளே இருப்பவள் படியில் நிற்பவளின் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். அந்த மழைக்காலம் முழுக்கப் படி எனக்கு. என் இடுப்பை ஒரு கையும் தொடவில்லை. வளைவில் ஜீப்பு சாயும்போது என் காலுக்குக் கீழே அடிவாரத்து முந்தல் பக்கத்துப் பள்ளம் தெரியும், எறும்பு போல ஒரு பஸ்சு தெரியும். கம்பியைப் பிடித்த கை வேர்த்து வழுக்கும். கண்ணை மூடிக்கொண்டு காளியைக் கூப்பிடுவேன். அப்புறம் ஞாபகம் வரும், காளியும் அவர்கள் பக்கம்தான்.

தோட்டத்தில் அதைவிட மோசம். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம். காயோ அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில். குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்து நிரையில் இருப்பவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு செடித் தூரை முடித்து அடுத்த தூருக்கு நகரும்போது "ஊய்ய்" என்று ஒரு குரல் கொடுப்போம். பக்கத்து நிரைக்காரி திருப்பி "ஊய்ய்" என்பாள். அவளுக்கு அடுத்தவள் அவளுக்குச் சொல்வாள். இப்படியே மலைச்சரிவு முழுக்கக் குரல் போய்க்கொண்டிருக்கும். குரல் வந்தால் எல்லாம் சுகம். கூவியும் பதில் வரவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான், ஆனை நிற்கிறது. உடனே கூடையைப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் மேட்டுப் பக்கம் ஏறிவிட வேண்டும்.

பெரியக்கா எனக்குக் கடைசி நிரையைக் கொடுத்தார், ஓடையை ஒட்டியது. ஓடை இரைச்சலில் தூரத்துக் குரல் எதுவும் கேட்காது. பக்கத்து நிரைக்காரி ஒருத்தி குரல் மட்டும்தான் எட்டும். அவள் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி வாழ வந்தவள், என்னைவிடச் சின்னவள், பயந்த சுபாவம். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கிவிட்டு, அப்போதுதான் வாயும் வயிறுமாக இருந்தாள். சூடம் அடிக்கும்போது அவள் கை நடுங்கியது என்று கேள்விப்பட்டேன். நடுங்காதா பின்னே? பிள்ளை மேல் வைத்த சத்தியம் அல்லவா. நான் கூவினால் அவள் பதில் சொல்ல மாட்டாள். எனக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் தன் குரலைக் கொடுப்பாள்.

முதல் சில நாட்கள் என் பாடு சொல்லி மாளாது. கூவுவேன், பதில் இருக்காது. ஆனை என்று கூடையைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வேன். அட்டை கெண்டைக்காலில் ஏறிக் குடிக்கும், தட்டிவிடக்கூடப் பயம். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மேட்டில் எல்லோரும் சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னிடம் மிண்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காய் கொட்டுகிற கொட்டகையில் பெரியக்கா முன்னால் போய் நின்றேன். மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனேன். "அக்கா, பேச வேண்டாம். சாகிற வரைக்கும் பேச வேண்டாம். கூவினா ஒரே ஒரு ஊய் மட்டும் குடுக்கச் சொல்லுங்க. அது பேச்சுல சேராதுக்கா. மாட்டுக்குக்கூட அந்தச் சத்தம் குடுக்கோம்" என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் தலைக்கு மேல் மலையைப் பார்த்தார். பக்கத்து நிரைக்காரி கூடையில் இருந்த காயையே கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

நாளாக நாளாக மரத்துவிட்டது. கூவுவேன், பதில் வராது, கிடக்கட்டும் என்று அடுத்த தூருக்குப் போவேன். சில நாள் கூவுவதுகூட இல்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கியது. அங்கே பனிமூட்டத்தை மஞ்சு என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லுவோம். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காய் எடுத்துக்கொண்டிருந்தேன். நேரம் என்ன ஆகிறது என்று தெரியவில்லை. ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். பதில் இல்லை. வழக்கம்தானே. கொஞ்சம் பொறுத்து, அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கொடுக்கிற மெல்லிய குரலாவது கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். அதுவும் இல்லை.

அப்போதுதான் வேறொரு பயம் வந்தது. மழை இருட்டுக்காகச் சோலியைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்களோ? என்னிடம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? ஜீப்பு போய்விட்டால் இந்த மலையில் நான் தனியாக என்ன செய்வேன்? கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் போகிற ஓடைத் தடத்தில் இறங்கினேன். ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கொஞ்ச தூரத்தில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஆட்கள் போகிறார்கள், கடைசியாகப் போகிறவள் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறாள், பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம். "இருங்கடி, நானும் வர்றேன்" என்று கத்திக்கொண்டே சத்தம் வந்த திக்கில் வேகமாக நடந்தேன். ஈரச் சாணி வாடை ஒன்று குப்பென்று வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"அடியே! போகாத! போகாதடி! ஆன நிக்குது! மேல ஏறு!"

பின்னால் மேட்டிலிருந்து வந்தது குரல். தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல். யார் குரல் என்றே முதலில் தெரியவில்லை, அவ்வளவு நாளாகிவிட்டது பக்கத்து நிரைக்காரி என்னோடு பேசி. நின்றேன். மஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது; எனக்கு முன்னால், ஒரு வீட்டு அகல தூரத்தில், பாறை என்று நான் நினைத்திருந்தது காதை ஆட்டியது.

அது ஒத்தை ஆனை. கூட்டத்தை விட்டுப் பிரிந்தது. என்னை அது பார்க்கவில்லை. குரல் வந்த மேட்டுப் பக்கம் திரும்பியது. ஒரு அடி, இன்னொரு அடி என்று அந்தப் பக்கம் எடுத்து வைத்தது. ஐயோ, அங்கே பிள்ளைத்தாய்ச்சி அல்லவா நிற்கிறாள்! எனக்குக் கால் ஓடவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை நீள வாய் வைத்திருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேட்டின் இன்னொரு பக்கம் தகர டின்னை யாரோ டமார் டமார் என்று அடித்தார்கள். தொடர்ந்து காவல்காரச் சேட்டன் வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். ஆனை தும்பிக்கையைத் தூக்கி ஒரு பிளிறு பிளிறிவிட்டு, செடிகளை மிதித்துக்கொண்டு ஓடையோடு இறங்கிப் போனது.

டின்னை அடித்தது பெரியக்கா என்று பிறகு சேட்டன் சொல்லித்தான் தெரியும். எல்லோரும் மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிண்டாமல் உட்கார்ந்திருந்தார்களாம். நான் ஓடைத் தடத்தில் இறங்குவது மஞ்சு விலகின இடைவெளியில் தெரிந்திருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனைக்குப் பயந்தா, சூடத்துக்குப் பயந்தா, அது அவரவர்க்குத்தான் வெளிச்சம். வாயைத் திறந்தவள் அந்தப் பயந்தாங்கொள்ளி ஒருத்திதான்.

கொட்டகைக்குப் போனால் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆனைக்காக இல்லை. "நான் பேசிட்டேனே, ஆத்தா, பேசிட்டேனே" என்று வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போனேன், அவள் பின்னால் நகர்ந்தாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. என் உயிர் இருக்கிறது, அதற்குப் பதிலாக அவள் பிள்ளை போய்விடுமோ? அந்த நினைப்பு வந்ததும் ஆனைக்கு முன்னால் வராத நடுக்கம் அப்போது வந்தது. சிரிக்காதீர்கள். அந்த நாளில் அந்த மலையில் நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

ஜீப்பு கிளம்பியது. நான் படியில் நின்றேன். உள்ளே அவள் விசும்பல் நிற்கவில்லை. யாருக்கும் அவளைத் தேற்றத் தெரியவில்லை. அவரவர் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. மெட்டு தாண்டி முதல் வளைவு வந்தபோது பெரியக்கா தொண்டையைச் செருமினார்.

"ஏ, அழுகைய நிப்பாட்டு. நீ ஒண்ணும் சத்தியத்தை மீறலை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மீறினது நான். காலைல ஏறி வர்றப்ப இவகிட்ட 'தள்ளி உக்காருடி'ன்னு சொல்லிட்டேன். ஏதோ நெனப்புல வாய் தவறிருச்சு. சத்தியம் அப்பவே முறிஞ்சு போச்சு. முறிஞ்சதை நீ எங்கிட்டு முறிக்க?"

காலையில் நான் உட்காரவே இல்லை. உட்கார எனக்கு இடமே இல்லை. படியில் நின்றுகொண்டுதான் வந்தேன் என்பது ஜீப்பில் இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

யாரோ ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அப்ப... உங்க பிள்ளைக்கில்லக்கா வந்து சேரும்?"

பெரியக்கா வெளியே பார்த்தார். "எனக்குத்தான் மக செத்துட்டாளே. செத்தவளைச் சாமி என்ன செய்யும்?" என்றார். அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாக. "என்னடி, ஊமை மாதிரி நிக்க? சொன்னேனா இல்லையா? உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

என் பாட்டைப் பாருங்கள். இல்லை என்றால் பிள்ளைத்தாய்ச்சி பயத்தில் செத்துச் செத்துப் பிழைப்பாள். ஆமாம் என்றால் அந்தச் சாபம் அவர் மகள் தலையில் இறங்கும். அவர் மகள் என் தம்பி பெண்டாட்டி. என் வீட்டுப் பிள்ளை. பெரியக்காவின் கண்ணைப் பார்த்தேன். அவரும் அதே பயத்தில்தான் இருந்தார். மகள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னவர், அந்த மகளுக்கு என்ன ஆகுமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே அவளையே பணயமாகத் தூக்கி வைத்தார்.

"ஆமா அத்தே. சொன்னீக" என்றேன்.

அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தம்பி மாமியார் அத்தை அல்லவா. அந்த முறையைத்தானே அவர் வேண்டாம் என்று சூடம் அடித்தார்.

உள்ளேயிருந்து இன்னொருத்தி திடீரென்று, "நானும்தான் முந்தாநாளு பேசிட்டேன். கழுத்துல அட்டை ஒட்டியிருக்குன்னு சொன்னேன்ல?" என்று என்னைக் கேட்டாள். சொல்லவே இல்லை. "ஆமாக்கா, சொன்னீக" என்றேன். "நான் குழாயடியில, குடத்தை எடுன்னேன்" என்றாள் ஒருத்தி. "நான் தூக்கத்துல பேசிருப்பேன், எனக்குத் தூக்கத்துல பேசுற பழக்கம்" என்றாள் எங்கள் செட்டிலேயே மகா கஞ்சப் பேச்சுக்காரி. ஜீப்பே சிரித்தது. டிரைவர் திரும்பி, "நானும் பேசியிருக்கேனாம்மா? என்னையும் சேத்துக்கங்க" என்றார். ஒரு சாபத்தை ஒருத்தி தலையில் விடாமல், சீர்வரிசைத் தட்டு மாதிரி ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டோம். பிள்ளைத்தாய்ச்சி அழுகைக்கு நடுவே சிரித்தாள், விக்கல் வந்துவிட்டது.

அடுத்த வளைவில் என் இடுப்புச் சேலையை உள்ளேயிருந்து ஒரு கை கொத்தாகப் பிடித்தது. பிடித்து உள்ளே இழுத்தது. முழங்காலை ஒதுக்கி இடம் விட்ட பெரியக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல, "தள்ளி உக்காருடி, அவ ஏறட்டும்" என்றார்.

மறுநாள் முதல் எங்கள் செட்டில் ஒரு சட்டம். யார் யாரோடு மிண்டினாலும் மிண்டாவிட்டாலும், மலையில் கூவினால் பதில் கொடுத்தே ஆக வேண்டும். அதன் பிறகும் சண்டை இல்லாமல் இல்லை. நான் இருக்கிற செட்டில் சண்டை இல்லாமல் இருக்குமா? முகத்தைத் திருப்பிக்கொண்டே "ஊய்ய்" என்போம், கோபமாக "ஊய்ய்" என்போம், ஆனால் சொல்லிவிடுவோம்.

பயம் மட்டும் போகவில்லை. ஜீப்பில் சிரித்தோமே தவிர, சூடம் சூடம்தானே. அவள் வயிறு வளர வளர எங்கள் எல்லோருக்கும் தூக்கம் குறைந்தது. அவளுக்குக் கால் வீங்கினால் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து என் தம்பியின் செய்தி வரும்போதெல்லாம், அவன் பெண்டாட்டி சுகம் என்ற வார்த்தை காதில் விழுகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

அவளுக்கு வலி எடுத்த அன்று செட்டில் ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. அவள் வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மருத்துவச்சி இருந்தாள். அலறல் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. பிள்ளை பிறந்துவிட்டது என்று தெரிகிறது, அழுகைச் சத்தம் இல்லை. மருத்துவச்சி பிள்ளையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியக்கா என் கையைப் பிடித்தார். மஞ்சில் கூவிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேனே, அதே மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியும் மிண்டவில்லை.

பிறகு பூனைக்குட்டி கத்துவது போல ஒன்று கேட்டது. அப்புறம் நல்ல வீறலாக வந்தது.

"மிண்டிருச்சுடி" என்றார் பெரியக்கா. "மிண்டிருச்சு, மிண்டிருச்சு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து, முகத்தை மூடின முந்தானைக்குள்ளிருந்தே கேட்டார்.

"அங்க நம்ம பிள்ளை எப்பிடிடி இருக்கா?"